ரோபோவோடு ஊருக்குள் போவது எப்படி? மாணவர் அணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோபோடிக்ஸ் அணிகளில் இருக்கும் மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே போட்டி வட்டாரத்தில் ‘அவுட்ரீச்’ என்று சொல்லப்படும் வேலையைப் பற்றியவை. அதாவது, அணி தன் பட்டறையை விட்டு வெளியே வந்து, ரோபோவோடு பழக்கமே இல்லாதவர்களுடன் சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்வது.

போட்டிக்கு ரோபோவை முடிக்கவே நேரம் போதவில்லை. இதையும் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

இந்தப் போட்டிகள் பிறந்ததே இதற்காகத்தான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன், இன்று மாணவர்களுக்கு ரோபோ போட்டிகளை நடத்தும் ஃபர்ஸ்ட் (FIRST) அமைப்பை 1989-ல் தொடங்கியபோது, விளையாட்டு வீரர்களைக் கொண்டாடும் இளைஞர்கள் அறிவியலையும் பொறியியலையும் அதே ஆசையோடு கொண்டாட வேண்டும் என்று நினைத்தார். ரோபோ அதற்கு ஒரு வழி. அதனால்தான் ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டியின் ஆகப் பெரிய விருது களத்தில் ஜெயித்த ரோபோவுக்குப் போவதில்லை. சேர்மன்ஸ் விருது என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, இப்போது இம்பாக்ட் விருது என்று பெயர் மாறியிருக்கும் அது, தன்னைச் சுற்றியுள்ள மக்களிடம் மாற்றத்தை உண்டாக்கிய அணிக்குப் போகிறது. அதே அமைப்பு சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் குழந்தைகள் ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்து, தீர்வு யோசித்து, அதை மற்றவர்களிடம் பகிர வேண்டும். வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட் என்ற இன்னொரு சர்வதேசப் போட்டியிலும் இதற்கென்றே ஃபியூச்சர் இன்னவேட்டர்ஸ் என்ற பிரிவு இருக்கிறது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. எட்டு வயதுப் பிள்ளை, “ஸ்டியரிங்கே இல்லையே, இது எப்படித் திரும்புது?” என்று கேட்கும்போது, இரண்டு பக்கச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தை அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால்தான் உங்களுக்கே அது புரிந்திருக்கிறது. நடுவர் முன்னால் நிற்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

விருதுக்காகச் செய்தால் தப்பா?

தப்பில்லை. விருதை நினைத்துத் தொடங்கிய பல அணிகள் அப்புறம் வேலையின் மேலேயே பிரியம் வந்து தொடர்ந்திருக்கின்றன. ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவசர அவசரமாக ஒரு பள்ளிக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பினால், அந்தப் பள்ளிக்கு எதுவும் மிஞ்சாது. விழா மாதிரி எல்லாம் முடிந்துபோகும். அதற்கு, போகாமலே இருக்கலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

யோசனைகளில் இருந்து தொடங்காதீர்கள். மனிதர்களிடம் போய்க் கேளுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் இதுதான்: முதலில் கேளுங்கள், பிறகு செய்யுங்கள். “எங்களிடம் ரோபோ இருக்கிறது, யாரிடம் காட்டலாம்?” என்று யோசிக்கும் அணியும், “இங்கே யாருக்கு எது முடியாமல் இருக்கிறது? அதில் நம்மால் ஆகக்கூடியது எது?” என்று யோசிக்கும் அணியும் கடைசியில் வந்து சேரும் இடங்கள் வேறு வேறு.

நூலகர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர், சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்யும் இயன்முறை மருத்துவர், முதியோர் இல்லப் பொறுப்பாளர் என்று நான்கைந்து பேரைப் பார்த்து அரை மணி நேரம் பேசுங்கள். “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால், “ஒன்றும் வேண்டாம், நன்றி” என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காமல், “போன வாரம் உங்களை ரொம்பப் படுத்திய வேலை எது?”, “குழந்தைகள் எந்த நேரத்தில் சோர்ந்துபோகிறார்கள்?”, “வாங்க நினைத்து விலை பார்த்து விட்டுவிட்ட பொருள் ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில் இருந்து ஒரு வருடத்துக்கான வேலை கிடைத்துவிடும்.

போட்டி ரோபோவைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினால் போதாதா?

தொடங்க அது நல்ல வழிதான். கூட்டம் கூடும், கைதட்டும். ஆனால் பார்த்தவர்கள் அன்று இரவே மறந்துவிடுவார்கள். கையால் செய்ததுதான் நினைவில் நிற்கும். அதனால் எந்தச் செயல்விளக்கத்திலும் வந்தவர்களுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

மிக எளிய வழி சின்ன ரோபோ ஒன்றின் கன்ட்ரோலரைக் குழந்தையிடம் கொடுப்பது. மோட்டார் வேகத்தை நிரலிலேயே நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, நிறுத்தும் பொத்தானோடு உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

இதைவிடச் சுவாரசியமானது சென்சாரை ஏமாற்றும் விளையாட்டு. மீயொலி சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. தடையைக் கண்டால் நிற்கும் சின்ன ரோபோ ஒன்றை ஓடவிட்டு, “இதன் கண்ணில் படாமல் எதை வைக்க முடியும்?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அட்டை, கம்பளித் துணி, பஞ்சு பொம்மை, சாய்த்துப் பிடித்த புத்தகம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். மெத்தென்ற துணி ஒலியை உறிஞ்சிவிடும், சாய்ந்த பரப்பு எதிரொலியை வேறு பக்கம் அனுப்பிவிடும் என்பதை நீங்கள் வாய் திறக்குமுன் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கோட்டைப் பின்தொடரும் ரோபோ இருந்தால் தடத்தை நீங்கள் வரையாதீர்கள். பெரிய வெள்ளைத் தாளையும் தடித்த கறுப்பு மார்க்கரையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எந்த வளைவில் ரோபோ தடம் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்ற விவாதம் தானாகத் தொடங்கும்.

ரோபோ நடுவில் நின்றுபோனால் கலங்க வேண்டாம். என்ன ஆயிற்று என்று உரக்க யோசித்துக்கொண்டே சரிசெய்யுங்கள். பேட்டரியா, கம்பி கழன்றதா, நிரலா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்ப்பதுதான் வந்தவர்களுக்குக் கிடைக்கும் உண்மையான பொறியியல் பாடம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பட்டறை நடத்தச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

தூரிகை ரோபோ நல்ல தேர்வு. பல் துலக்கும் தூரிகையின் தலையை வெட்டி எடுத்து, அதன் முதுகில் ஒரு சின்ன அதிர்வு மோட்டாரை ஒட்டி, மின்சாரம் கொடுத்தால் துடிதுடித்துக்கொண்டு ஓடும். மோட்டாரின் அச்சில் ஒரு பக்கமாக எடை இருப்பதால்தான் அது அதிர்கிறது. எடையை நகர்த்தினால் ஓடும் திசை மாறும். பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், மீதி நேரம் முழுக்கப் பந்தயம்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும், உயிருக்கே ஆபத்து. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால், அல்லது வீட்டில் தம்பி தங்கை இருந்தால், மூடியும் திருகும் உள்ள சின்ன பேட்டரிப் பெட்டியையே பயன்படுத்துங்கள். ரோபோ கொஞ்சம் கனமாகும், பரவாயில்லை, தூரிகையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

நேரத்தைப் பிரிப்பதில் எல்லா அணிகளும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. தொடக்க விளக்கம் இருபது நிமிடம் ஓடிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பிள்ளைகளுக்கு உங்களில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் குழந்தையின் கையில் இருந்து பொருளை வாங்கித் தானே முடித்துக்கொடுக்கவே கூடாது. இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். தப்பாக ஒட்டினால் ஒட்டட்டும், ஓடவில்லை என்றால் அவர்களே பிரித்துப் பார்ப்பார்கள்.

கணினியோ கிட்டோ எதுவுமே இல்லாத இடத்துக்குப் போகிறோம். அங்கே?

வெறும் அட்டைகளை வைத்தே அரை நாள் ஓட்டலாம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ‘சிஎஸ் அன்ப்ளக்டு’ திட்டம், கணினி இல்லாமலே கணினி அறிவியலைச் சொல்லித்தருவதற்கென்று உருவானது. அதில் எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு இது.

ஒரு பக்கம் கறுப்பும் மறு பக்கம் வெள்ளையும் உள்ள அட்டைகளை ஐந்து வரிசை (இடமிருந்து வலம்), ஐந்து நிரல் (மேலிருந்து கீழ்) என்று ஒரு குழந்தையை இஷ்டப்படி அடுக்கச் சொல்லுங்கள். “இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குகிறேன்” என்று சொல்லி, நீங்கள் ஆறாவது வரிசையும் ஆறாவது நிரலும் சேர்ப்பீர்கள். சேர்க்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் கறுப்பு அட்டைகள் இரட்டை எண்ணிக்கையில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி நின்றுகொண்டு, யாராவது ஒரே ஓர் அட்டையைப் புரட்டச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்து, கறுப்பு ஒற்றை எண்ணிக்கையில் இருக்கும் வரிசையும் நிரலும் சந்திக்கும் அட்டையைத் தொடுங்கள். பிள்ளைகளுக்கு அது மாயாஜாலம். செய்தி வழியில் சிதைந்ததா என்று கணினிகள் கண்டுபிடிக்கும் முறையின் அடிப்படையும் இதுதான் என்று அப்புறம் சொன்னால், “எங்களுக்கும் கற்றுக்கொடுங்க” என்று கேட்பார்கள். வீட்டில் செய்துகாட்ட வேண்டுமே!

மனித ரோபோ விளையாட்டும் நன்றாக எடுபடும். ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை கட்டளைகளை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்: மூன்று அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு, குனி, எடு. ரோபோ எழுதியிருப்பதை மட்டுமே செய்யும், ஊகித்துச் செய்யாது. சுவரில் போய் முட்டியதும் நிரலாளர் தாளைத் திருத்துவார். பிழைதிருத்தம் என்றால் என்ன என்று பிறகு தனியாக விளக்கத் தேவையே இருக்காது.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஏதாவது செய்ய ஆசை. நம்மால் முடியுமா?

முடியும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை இன்னொருவர் வாழ்க்கையில் இவ்வளவு நேராகப் போய்ச் சேரும் இடம் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் பொம்மைகள். பேட்டரியில் ஓடும் பொம்மைகளில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்த விரல்களில் நுணுக்கமான அசைவு வேண்டும். பல குழந்தைகளுக்கு அது முடியாது. ஆனால் கையின் பக்கவாட்டாலோ தலையாலோ ஒரு பெரிய ஸ்விட்சை அவர்களால் அழுத்த முடியும். அப்படிப்பட்ட ஸ்விட்சுகள் 3.5 மி.மீ. பிளக்கோடு வருகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பொம்மையைத் திறந்து, பொத்தானின் இரண்டு முனைகளைக் கண்டுபிடித்து, அவற்றில் இரண்டு கம்பிகளைச் சாலிடர் செய்து (உலோகத்தை உருக்கி ஒட்டி), மறுமுனையில் 3.5 மி.மீ. மோனோ ஜாக்கை (பிளக்கைச் செருகும் துளையை) பொருத்தி வெளியே கொண்டுவர வேண்டும். இணையாக இணைப்பதால் பழைய பொத்தானும் வேலை செய்யும். அண்ணன், அக்கா என்று எல்லோரும் அதே பொம்மையில் விளையாடலாம். சாலிடர் செய்யுமுன் அந்த இரண்டு புள்ளிகளை ஒரு கம்பியால் தொட்டுப் பாருங்கள், பொம்மை ஓடினால் சரியான இடம். தைப்பதற்கு ஊசியும் நூலும் கொண்டுபோக மறக்காதீர்கள், பஞ்சு பொம்மைகளின் வயிற்றைப் பிரித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

பொத்தான் இல்லாமல், போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் உள்ள பொம்மை என்றால் வேறு வழி. இரண்டு பக்கமும் செப்புத் தகடு, நடுவில் மின்சாரம் கடத்தாத தாள் என்று ஒரு மெல்லிய வில்லை செய்து, இரண்டு தகடுகளில் இருந்தும் ஜாக்குக்குக் கம்பி இழுத்து, அந்த வில்லையைப் பேட்டரிக்கும் அதன் தொடுமுனைக்கும் நடுவில் செருகிவிடலாம். பொம்மையைத் திறக்கவே வேண்டாம்.

இப்படி மாற்றப்பட்டுக் கடையில் வரும் பொம்மைகள் சாதாரணப் பொம்மைகளைவிடப் பல மடங்கு விலை. சாலிடரிங் இப்போதுதான் பழகும் புது உறுப்பினர்கூட ஒரு மதியத்தில் ஒரு பொம்மையை முடித்துவிடலாம்.

அடுத்த படி, குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார்கள். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலவே தொடங்கிய ‘கோ பேபி கோ’ திட்டம் காட்டிய வழி இது. காலால் மிதிக்கும் பெடலுக்குப் பதிலாக ஸ்டியரிங்கில் ஒரு பெரிய பொத்தான், முதுகுக்குத் தாங்கல், பிவிசி குழாயும் பஞ்சுறையும் கொண்டு பக்கச் சட்டம், இருக்கை வார். தானாக நகர முடியாமல் இருந்த குழந்தை முதல்முறையாகத் தான் நினைத்த திசையில் போகும். பல நாடுகளில் ரோபோடிக்ஸ் அணிகள் இதைச் செய்திருக்கின்றன. ஆனால் இயன்முறை மருத்துவர் கூட இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். எந்தக் குழந்தைக்குத் தலையைத் தாங்க வேண்டும், எதற்கு இடுப்பைத் தாங்க வேண்டும், பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பெரியவர் கையில் ஒரு தனி நிறுத்த ஸ்விட்சும் கட்டாயம்.

பொம்மையையோ காரையோ கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கம்பி அறுந்திருக்கும், அல்லது குழந்தை வளர்ந்திருக்கும்.

எங்களிடம் 3டி பிரிண்டர் இருக்கிறது. செயற்கைக் கை செய்து தரலாமா?

இ-நேபிள் என்ற தன்னார்வலர் வலையமைப்பு இதை உலகெங்கும் செய்கிறது. அதன் வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அளவெடுப்பது, பொருத்துவது, தோல் உரசாமல் பார்ப்பது எல்லாம் அனுபவம் கேட்கும் வேலை. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் குழுவோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள்.

தனியாகச் செய்வதென்றால் அவ்வளவு கவனத்தைக் கவராத, ஆனால் தினமும் கையில் எடுக்கும் பொருள்களைச் செய்யலாம்: பேனா பிடிக்க உதவும் தடித்த பிடி, சாவி திருப்பும் நெம்புகோல், பார்வையற்ற மாணவர்கள் தொட்டுப் படிக்கும் வரைபடங்கள், மூலக்கூறு மாதிரிகள், கணக்குப் பாடத்து கிராஃப் அச்சுக் கோடுகள். இவற்றைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் தொட்டுப் பார்த்து “புரிகிறது” என்று சொன்ன பிறகே பத்துப் பிரதி எடுங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும் நுணுக்கங்கள் விரலுக்கு வெறும் இரைச்சலாகிவிடும். அச்சில் விளிம்புகள் கூராக வந்தால் தேய்த்து மழுங்கச் செய்யவும் மறக்க வேண்டாம்.

2020-ல் பெருந்தொற்றுப் பரவியபோது உலகின் பல பகுதிகளில் மாணவர் அணிகள் முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசங்களுக்கான (ஃபேஸ் ஷீல்டு) சட்டகங்களை 3டி பிரிண்டரில் அச்சிட்டுக் கொடுத்தன. பிரிண்டர் கையில் இருந்தது. என்ன வேண்டும் என்று மருத்துவமனைகளிடம் கேட்கவும் தெரிந்திருந்தது.

முதியவர்களுக்கு ரோபோவில் என்ன ஆர்வம் இருக்கப்போகிறது?

நிறைய இருக்கும். ஆனால் அவர்களைப் பார்வையாளர்களாக மட்டும் நினைக்காதீர்கள். ஓய்வுபெற்ற கடைசல்காரர், தையல்காரர், மின்பணியாளர், தச்சர் என்று அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் அணியில் யாருக்கும் தெரியாத வேலை தெரியும். ரோபோவின் சட்டத்தைக் காட்டி, “இந்த மூட்டு அடிக்கடி உடைகிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். அன்று வந்த பெரியவர் அடுத்த வருடம் உங்கள் வழிகாட்டியாக இருக்கலாம்.

அவர்களுக்கு நீங்கள் தரக்கூடியதில் முதலிடம் ஃபோன் வகுப்புக்கு. எழுத்தைப் பெரிதாக்குவது, வீடியோ அழைப்பு, மோசடிச் செய்தியை அடையாளம் காண்பது. ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து, ஃபோன் அவர் கையிலேயே இருக்க, பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் நீங்கள் பார்க்கவே கூடாது. இது ரோபோடிக்ஸ் இல்லையே என்று கேட்கலாம். தொழில்நுட்பத்தைக் கண்டு பயப்படும் ஒருவரின் பயத்தைப் போக்குவது அணியின் வேலைதான் என்பது என் எண்ணம்.

மின்கழிவை வைத்து ஏதாவது செய்யலாமா?

பழைய பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் பட்டறையை நடத்துங்கள். பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பழைய அச்சுப்பொறி ஒரு புதையல்: ஸ்டெப்பர் மோட்டார், பற்சக்கரங்கள், வழவழப்பான எஃகுத் தண்டு, பெல்ட், சென்சார் எல்லாம் ஒரே பெட்டிக்குள். விசைப்பலகை, சுட்டி, மின்விசிறி, பொம்மைகள் எல்லாம் சரி.

மைக்ரோவேவ் அடுப்பு, படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சி, ஃபிளாஷ் உள்ள கேமரா மூன்றையும் மேசைப் பக்கமே விடாதீர்கள். மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் இவற்றின் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். லித்தியம் பேட்டரி உள்ள ஃபோனையும் மடிக்கணினியையும் பிள்ளைகள் திருகுளியால் நெம்பக் கூடாது, துளைபட்டால் தீப்பிடிக்கும். மிஞ்சியதை எங்கே ஒப்படைப்பது என்று பட்டறைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே அடுத்த கட்டத்துக்கும் கொண்டுபோகலாம். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ இப்போது பல நாடுகளில் நடக்கிறது. பழுதான பொருளோடு வருபவரும் தெரிந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பழுதுபார்ப்பார்கள். மின் பாதுகாப்பு தெரிந்த பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் இருந்தால், மாணவர் அணி நடத்தச் சரியான நிகழ்ச்சி.

நாங்கள் நேரில் போகாமலே நடக்கிற மாதிரி ஏதாவது உண்டா?

நூலகத்தில் கிட்டுகளை இரவல் கொடுக்கும் ஏற்பாடு. மைக்ரோபிட் பலகை (நிரல் எழுதி இயக்கும் கையடக்கக் குட்டிக் கணினி), கம்பிகள், இரண்டு மோட்டார், படங்களோடு ஐந்து செய்முறை அட்டைகள் என்று ஒரு பெட்டி தயார் செய்து நூலகத்திடம் கொடுத்துவிடலாம். பிபிசி 2016-ல் பிரிட்டன் பள்ளி மாணவர்களுக்காக வெளியிட்ட மைக்ரோபிட், புதியவர்கள் கையில் கொடுக்கத் தோதானது. திரும்பி வரும் பெட்டியில் எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று நூலகர் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நிரம்பிய பெட்டியின் எடையை மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்; தராசில் வைத்தால் குறைவது தெரிந்துவிடும்.

வீடியோ, இணைய வகுப்பு எல்லாம் இரண்டாம் பட்சம்தான். தாய்மொழியில் தெளிவாகச் செய்த பாடம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. பிள்ளைகள் கட்டைகளை அடுக்குவது போல நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் மென்பொருள் 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. ஆனால் பயிற்சிப் பாடங்கள் அத்தனை மொழிகளில் இல்லை. உங்கள் மொழியில் பத்து நல்ல பாடங்கள் எழுதி வைத்தால் நீங்கள் பார்த்தேயிராத பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்துவார்கள்.

வேறு பள்ளியில் புதிய அணி தொடங்க உதவலாமா? நாளைக்கு அவர்களே நமக்குப் போட்டியாக வருவார்களே?

வரட்டும். எம்ஐடி பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் ‘கிரேஷியஸ் புரொஃபெஷனலிசம்’ என்று வலியுறுத்திய பண்பு இதுதான்: கடுமையாகப் போட்டியிடு, எதிரணியையும் மதித்து உதவு. போட்டி நாளில் தன்னோடு மோதப்போகும் அணிக்கே மோட்டாரைக் கடன் கொடுக்கும் அணிகள் நிறைய உண்டு.

புது அணிக்கு முதல் வருடத்தில் ரோபோ பாகங்களைவிட ஒரு பெரியவர்தான் அதிகம் தேவை. வாரம் தவறாமல் வரக்கூடிய ஓர் ஆசிரியரையோ பெற்றோரையோ கண்டுபிடித்து, அவருக்கு நம்பிக்கை கொடுப்பதில் உங்கள் உழைப்பைப் போடுங்கள். ஆசிரியர் தனியாக விடப்பட்டால் இரண்டாம் வருடம் அந்த அணி இருக்காது.

பெண் பிள்ளைகள் பட்டறைக்கு வந்தாலும் ஓரமாக நிற்கிறார்கள். என்ன செய்வது?

யார் சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள். அணியின் பெண்கள் வருகைப் பதிவேட்டோடும் வரவேற்பு மேசையிலும் நிற்க, பையன்கள் சாலிடரிங் கற்றுத்தந்தால், வந்த சிறுமிக்கு என்ன செய்தி போகும்? கருவியைப் பிடித்துக் கற்றுத்தருபவர் பெண்ணாக இருக்கட்டும். இரண்டு பேருக்கு ஒரு கிட் என்று கொடுத்தால் துணிச்சலான பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றச் சொல்லுங்கள், அல்லது ஆளுக்கொரு கிட் கொடுங்கள். பிப்ரவரி 11, ஐ.நா. அறிவித்த அறிவியலில் பெண்கள், சிறுமியர் தினம். புதிய முயற்சியைத் தொடங்க அந்த நாளை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் அணியில் பாதிப் பேருக்கு மேடைக் கூச்சம்.

அவர்களை மேடையேற்ற வேண்டாம். செய்முறை அட்டை வரைவது, கிட் அடுக்குவது, பொம்மைகளைச் சாலிடர் செய்வது, ஒரே ஒரு குழந்தையோடு உட்கார்ந்து உதவுவது எல்லாம் அவர்களுக்கு ஏற்ற வேலைகள். கூட்டத்துக்கு முன் வாய் திறக்காத மாணவர், ஏழு வயதுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தால் அழகாகப் பேசுவார்.

பாதுகாப்பு, அனுமதி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டியின் ரோபோ 50 கிலோவைத் தாண்டும், வேகமாகவும் பாயும். அதை ஓட்டும் இடத்தைச் சுற்றி நாடா கட்டி, மக்களை வெளியே நிறுத்துங்கள். கன்ட்ரோலரைப் பொதுமக்களிடம் கொடுப்பதென்றால் சின்ன ரோபோவைத்தான் கொடுக்க வேண்டும். பொருள் எறியும் கருவிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. நீள முடி, துப்பட்டா, கழுத்துப் பட்டை எல்லாம் சுழலும் பாகங்களில் சிக்கும். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு யாரும் நகரக் கூடாது.

குழந்தைகள் இருக்கும் எந்த நிகழ்ச்சியிலும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் குழந்தையின் முகத்தைப் படமெடுத்துப் பகிராதீர்கள். கைகளையும் செய்த பொருளையும் எடுத்தாலே நல்ல படம் கிடைக்கும். மாற்றுத்திறன் குழந்தைகளின் படத்தை அனுதாபம் தேடப் பயன்படுத்தவே கூடாது.

செலவுக்கு என்ன செய்வது?

மேலே சொன்னவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை. மீதிக்கு, பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேளுங்கள். ஐம்பது மோட்டார், பத்து ஸ்விட்ச், ஒரு நாளைக்கு ஒரு கூடம் என்று குறிப்பாகக் கேட்டால் நிறுவனங்கள் எளிதில் சம்மதிக்கும்.

எத்தனை பேரைச் சென்றடைந்தோம் என்று எப்படிக் கணக்கு வைப்பது?

கூடத்தைக் கடந்துபோன எல்லோரையும் எண்ணிச் சேர்க்காதீர்கள். மூன்று தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்: பார்த்தவர்கள், கையால் செய்தவர்கள், மறுபடி வந்தவர்கள். மூன்றாவது எண் சின்னதாகத்தான் இருக்கும். நான் நடுவராக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். ஃபர்ஸ்ட் அமைப்பும் இம்பாக்ட் விருதுக்காக, ஓர் அணியை ‘தொடங்கினோம்’, ‘வழிகாட்டினோம்’, ‘உதவினோம்’ என்று சொல்வதற்குத் தனித்தனி வரையறை வைத்திருக்கிறது. ஒருமுறை மின்னஞ்சலில் பதில் சொன்னதை வழிகாட்டல் என்று எழுத முடியாது. நிகழ்ச்சி முடிந்த அன்றே தேதி, இடம், எண்ணிக்கை, என்ன செய்தோம், எது சரியாக வரவில்லை என்று எழுதி வையுங்கள்.

எந்த மாதத்தில் எதைச் செய்வது?

போட்டிக் காலத்தில் புதிதாக எதையும் ஏற்காதீர்கள், ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மட்டும் செய்யுங்கள். போட்டி முடிந்த பிறகு வரும் மாதங்கள்தான் அறுவடைக் காலம். சில நாள்கள் தாமாகவே வாய்ப்புத் தரும்: அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம், டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். நூலகங்களும் பள்ளிகளும் அந்த நாள்களுக்கு நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும், இரண்டு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள்.

அறிவிப்புக் கொடுத்தோம், யாருமே வரவில்லை. இனி?

மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு நீங்கள் போங்கள். நூலகத்தின் கதை நேரம், மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, பள்ளி முடிந்து பெற்றோருக்காகப் பிள்ளைகள் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றாலும் நிகழ்ச்சியை முழுதாக நடத்துங்கள். மூன்று பேருக்கு ஐந்து பேர் சொல்லித்தரும் வாய்ப்பு எப்போதும் கிடைக்காது.

மூத்த மாணவர்கள் படிப்பு முடிந்து போனதும் எல்லாம் நின்றுவிடுகிறது. எப்படித் தொடர்வது?

ஒரு நிகழ்ச்சி ஒரே ஆளை நம்பி இருந்தால் அவரோடு போய்விடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூத்தவர், ஓர் இளையவர் என்று இரண்டு பேரைப் போடுங்கள். நூலகர், மருத்துவர், தலைமையாசிரியர் ஆகியோரின் தொடர்பு எண்கள் அணியின் பொதுக் கோப்பில், ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும். பட்டறைக்கான பொருள் பட்டியலும் நேர அட்டவணையும் அதே கோப்பில், புதிதாக வந்தவர் படித்தாலே நடத்திவிடக்கூடிய அளவு விளக்கமாக இருக்க வேண்டும்.

வருடக் கடைசியில் மூத்தவர் இளையவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய் அறிமுகம் செய்துவைப்பது நல்லது. அடுத்த நிகழ்ச்சிக்கான முதல் தொலைபேசி அழைப்பை இளையவரே செய்யட்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.